அடுப்பு ஆணியில் யார் கோப்பை

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது எட்டு, மண்ணுக்குக் கொடுத்தது இரண்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு இரக்கம் வரும். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க" என்பார்கள். கஷ்டப்பட்டேன்தான். ஆனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். போன திருவிழாவில் ஒரு பிள்ளை மேடையில் ஏறி, தோட்டத்துத் தாய்மார் எல்லாம் மெழுகுவர்த்தி போல உருகினார்கள் என்று பேசியது. நல்ல பிள்ளை, நல்ல குரல். நான் கீழே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். நான் எங்கே உருகினேன்? என் வீட்டில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் வேலை வாங்கினேன். ஆண், பெண் என்று பார்க்காமல் வாங்கினேன். அதற்காக எங்கள் லயமே, அந்த வரிசை வீடுகள் முழுக்க, என்னை ஏசியது. ஏசட்டும் என்று இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் பலகையில் உள்ள ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், பஸ் நின்றுகொண்டிருந்தால். அதனால் நான் சொல்கிறேன், என் பெரிய மகனின் மகள் எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்திக்கொள்ளலாம். அன்றைக்கு ஆட்கள் வாயால் பேசினதை மட்டும் பேசினபடியே போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு இரண்டாவது பிள்ளை மடியில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களின் கதை இது. லயத்தில் எங்களுக்கு இருந்த அறை ஒரே காம்பரா, அதற்கு முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. காம்பராவின் மூலையில் அடுப்பு. மாமியாரோடு சேர்த்து ஒன்பது பேர் அதற்குள்தான் தின்றோம், படுத்தோம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. எங்கள் அடுப்புப் புகை பக்கத்துக் காம்பராவுக்குப் போகும். அவர்கள் பேச்சு எங்கள் காம்பராவுக்கு வரும். பக்கத்தில் இருந்தது என் வீட்டுக்காரருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் பெண்சாதிக்கு என்னைவிட வயது கூட, வாயும் கூட. ஆகவே எங்கள் வீட்டில் நடந்த எதுவும் எங்கள் வீட்டோடு நின்றதில்லை.

விடிவதற்கு முன்னால், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். அதற்குள் ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, கைப்பிள்ளையைத் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, கூடையோடு பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அதன் பிறகு நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பு. அந்தி நிறுவை முடிந்து நான் வீடு வரும்போது மலையில் பனி இறங்கியிருக்கும். சேலை நனையாமல் இருக்கக் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து இடுப்பில் பாறாங்கல் மாதிரி தொங்கும். என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை மட்டமாக நறுக்குகிற வேலை. ஆம்பளைகள் வேலை கணக்கு வேலை. கொடுத்த செடிகளை வெட்டி முடித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வீடு. நான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறும்போது அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் குந்தியிருப்பார்.

"வந்துட்டியா புள்ள? தேத்தண்ணி ஊத்து."

கெட்ட மனுஷன் இல்லை. என்னைக் கை நீட்டி அடித்தது இல்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் குந்தியிருந்தார், பக்கத்துக் காம்பராவில் அவருடைய அண்ணனும் அப்படித்தான் குந்தியிருந்தார். அடுப்பு பொம்பளைக்கு என்று யார் சட்டம் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நானும் கொஞ்ச வருஷம் கேட்காமல்தான் இருந்தேன்.

ஒரு நாள் கவ்வாத்துக் குச்சி குத்திக் கை கிழிந்து, மத்தியானத்தோடு என்னை மலையிலிருந்து இறக்கி விட்டுவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் வழியாக வந்தேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். இடுப்பில் அவள் தம்பி. அவனுக்குக் காய்ச்சல் என்று பிள்ளைக்காம்பராவில் எடுக்கவில்லை, மாமியார் மூத்தவளைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டிருக்கிறாள். பிள்ளை முதுகில் தட்டிக்கொண்டே அவளும் வாய்ப்பாடு சொல்கிறாள். தட்டுகிற தட்டு வாய்ப்பாட்டுக்குச் சரியாக விழுகிறது. பார்த்தவர்களுக்கு அழகாக இருந்திருக்கும். எனக்கு அழகாக இல்லை. நானும் ஒரு வீட்டின் மூத்தவள்தான். நான் கற்ற நாலு எழுத்தும் இப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று கற்றதுதான்.

"உள்ள போயி குந்து" என்றேன்.

"தம்பி அழுவானே அம்மா."

"தம்பிக்கு ஒரு அண்ணன் இல்லியா? ரெண்டு அண்ணன் இருக்கானுங்கள்ல?"

அவர்கள் ஆற்றில் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். காதைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அந்த வாரம்தான் ஆணி அடித்தேன். எழுதி ஒட்டி வைக்க எனக்கு எழுத்து இல்லை. வாயால் சொன்னால், "நேத்து நாந்தான் தண்ணி எடுத்தேன்", "இல்ல நாந்தான்" என்று சண்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகரக் கோப்பை இருந்தது, டின்பால் தகரத்தில் கைப்பிடி வைத்தது. கைப்பிள்ளை தவிர ஐந்து பேருக்கு ஐந்து கோப்பை. தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒரு ஆணி, விறகு மூலையில் ஒன்று, அம்மிக்கு மேலே ஒன்று, அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் தேத்தண்ணி குடித்த பிறகு கோப்பைகளை வாங்கி நான் மாட்டுவேன். யார் கோப்பை எந்த ஆணியில் தொங்குகிறதோ அந்த வேலை அந்த வாரம் அவர்களுடையது. ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் போய்த் தண்ணீர் பிடிக்கவேண்டும், கவ்வாத்து மலையில் வெட்டிக் கிடக்கும் மிலாறுக் குச்சியை விறகுக்குப் பொறுக்கிக் கட்டவேண்டும், சம்பல் அரைக்கவேண்டும், அடுப்பு பார்க்கவேண்டும், சாயந்தரம் பிள்ளையைப் பார்க்கவேண்டும். சும்மா இருப்பதற்கு ஆணி எங்கே என்று இரண்டாவது பையன் கேட்டான். எனக்கே இல்லாத ஆணியை உனக்கு எங்கே அடிப்பேன் என்றேன்.

மூத்தவளுக்கும் முறை உண்டு. ஆனால் ஒரு வாரம் ஒரு வேலை. ஐந்தையும் அவள் தலையில் கட்டவில்லை. ஐந்து பேரில் கடைசி சின்னவன், அவன் கோப்பை அடுப்புக்கும் அம்மிக்கும் போகாது. மற்ற மூன்று ஆணியில் சுற்றி வரும். அவனுக்கு அதில் பெரிய வருத்தம். நெருப்பு பார்க்க ஆசை.

பெரியவனுக்கு ரொட்டி தட்டக் காட்டிக் கொடுத்தேன். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, மூடி வைத்துவிட்டு, அதற்குள் அடுப்பைச் சரி பண்ணவேண்டும். நனைந்த மிலாறை முதலில் வைத்தால் புகைதான் வரும். காய்ந்ததைக் கீழே வைத்து, ஈரத்தை அடுப்பு மேட்டில் காயப்போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும். முதல் நாள் அவன் தட்டிய ரொட்டி நடுவில் தடித்து ஓரம் மெலிந்து, ஆமை மாதிரி இருந்தது. தின்றோம். ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாகத் தட்டினான். இரண்டாவதவன் தந்திரக்காரன். நான் பெரட்டுக்குப் போனதும் அம்மி ஆணியில் இருக்கும் தன் கோப்பையைக் கழற்றித் தங்கச்சி கோப்பையை மாட்டிவிடுவான். அவன் கோப்பையில் ஒரு நசுங்கல் உண்டு, தூரத்தில் இருந்தே தெரியும். கண்டுபிடித்த அன்றைக்கு அடுத்த வாரமும் அம்மிதான். இரண்டு மாதம் தொடர்ந்து சம்பல் அரைத்த பிறகு புத்தி வந்தது. அவன் சம்பலுக்கு லயத்தில் பெயர் கிடைத்ததும் அப்போதுதான். செத்தல் மிளகாயை உப்போடு வைத்து முதலில் நசுக்கி, தேங்காயைக் கடைசியில் போட்டு, ஒரே இழுப்பில் எடுத்துவிடுவான்.

அண்ணன் பெண்சாதியின் ஏச்சுப் பேச்சு சுவருக்கு மேலேயிருந்து வரும்.

"என்னா தங்கச்சி, இன்னைக்கு யாரு சமையலு? பெரிய தம்பியா? மஞ்ச தேச்சுக் குளிச்சிட்டாரா?"

"குளிச்சிட்டாரு அக்கா. பூ மட்டுந்தான் இல்ல. ஒங்க வீட்ல இருந்தா குடுங்க."

மாமியார் உள்ளேயே இருந்தாள். அவளுக்கு என்மேல் கோபத்தைவிடப் பயம் அதிகம், பேரன்களுக்கு என்ன ஆகுமோ என்று.

"ஆம்பளப் புள்ள அம்மி அரைச்சா மீச மொளைக்காதுடி."

"மொளைக்காட்டி போகுது மாமி. சவரக்கத்தி வாங்க வேணாம்."

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. மூத்தவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அதற்கு மேல் அங்கே இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று வாத்தியார் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். சேர்ப்பது என்று நான் முடிவு பண்ணினேன். அதற்குள் அவள் பெரிய மனுஷியானாள்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால் அதற்கு ஒரு பாதைதான். தண்ணீர் ஊற்றுவார்கள், தாய்மாமன் சீர் கொண்டுவருவான், சொந்தக்காரர் சாப்பிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடம் நின்றுவிடும். தோட்டத்தில் பேர் பதிந்து கூடையை மாட்டிவிடுவார்கள். காலையில் கொழுந்து, சாயந்தரம் அடுப்பு. அதோடு ஒரு மாப்பிள்ளை. சடங்குச் சாப்பாட்டுக்கு வந்த கங்காணி இலையில் இருந்து எழும்பும்போதே சொன்னார்.

"பிள்ள நல்லா வளந்திருச்சு. திங்கக்கெழம பெரட்டுக்குக் கூட்டியாந்திரு. பேர் பதிஞ்சிருவோம்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறேன். இஸ்தோப்பில் அடுப்புக் கோப்பையும் அம்மிக் கோப்பையும் உருண்டு கிடக்கின்றன. பையன்கள் இருவரும் சுவரோரம் நிற்கிறார்கள். பாதி பிசைந்த மாவு தட்டில் இருக்கிறது. கவ்வாத்து மலையில் என் வீட்டுக்காரரை யாரோ கேலி பண்ணியிருக்கிறார்கள். உன் பையனுக்குப் பிள்ளைப்பேற்று மருந்து அரைக்கவும் தெரிந்திருக்கும், இனி பிள்ளை பெறுவதுதான் பாக்கி என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை இவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இனிமே இந்த ரெண்டு பயலும் அடுப்பு, அம்மிப் பக்கம் போகக்கூடாது. வயசுக்கு வந்த பொட்டப்புள்ள வீட்ல இருக்கு. திங்கக்கெழம பேர் பதியிறா. சாயங்காலம் வந்து ஆக்குறா. எல்லா வீட்லயும் அப்பிடித்தான்."

"டவுனு பள்ளிக்கூடம்?"

"என்னாத்துக்கு? படிச்சு தொரையாகப் போறாளா?"

கூடையை இறக்கி வைத்தேன். பிள்ளையை மாமியார் மடியில் கொடுத்தேன். குடத்தை எடுத்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் முழுவதையும் ஊற்றினேன்.

எங்கள் ஆட்களிடம் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாவு வீட்டில்கூட நெருப்பை இழுத்து வெளியே தள்ளுவார்களே தவிர ஊற்றமாட்டார்கள். சாம்பல் வெள்ளையாகப் பொங்கி எழும்பியது. அடுப்புக் கல் 'சட்'டென்று வெடித்தது. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, அடுப்புல தண்ணி ஊத்துறியே. வெளங்குமா இந்தக் குடும்பம்?"

"வெளங்காட்டி போகட்டும் மாமி." பிறகு அவரைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதனால் சத்தமாகவே சொன்னேன். "போன மழைக்கு ஒங்க ஆளு ஒருத்தன தொரை வேலைய விட்டு நிப்பாட்டினாரு. தோட்டமே ஸ்ட்ரைக்கு. நீங்கதான் முன்னால நின்னீங்க. நாங்க பொம்பளைங்க கூடைய எறக்கி வச்சிட்டு ஒங்க பின்னால நின்னோம். புள்ளைங்க பட்டினி கெடந்திச்சு. நான் ஒரு வார்த்த கேட்டேனா? இப்ப என் ஆளு ஒருத்திய நீங்க நிப்பாட்டுறீங்க. அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது. நானும் பத்தவைக்க மாட்டேன், எம் பொண்ணும் பத்தவைக்க மாட்டா."

லயத்தின் ஏதோ ஒரு காம்பராவில் ஒரு பொம்பளை சிரித்தாள். யார் என்று இன்றுவரை தெரியாது. அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. கடைக்கார நானாவிடம் பேக்கரிப் பாண் வாங்கினேன், சீனி வாங்கினேன், வாழைப்பழம் வாங்கினேன். காலையில் பாண், சாயந்தரம் பாண். தேத்தண்ணியைக் கீழ்லயத்தில் இருந்த என் சிநேகிதி ஒருத்தி வாளியில் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. சின்னவன், "அம்மா, நாளைக்கும் ஸ்ட்ரைக்கா?" என்று ஆசையாகக் கேட்டான். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், இஸ்தோப்பில் அவர் குந்துகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். கல்யாணம் கட்டி அத்தனை வருஷத்தில் வெளிச்சம் இருக்கும்போது நான் இஸ்தோப்பில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிர்மலை எவ்வளவு பச்சை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

முதல் நாள் சுவருக்கு மேலே தேன் ஒழுகியது. "சாப்புடுங்க தம்பி. அண்ணன் வீடு இருக்கையில என்னா கொறச்ச?" இரண்டாம் நாள், "பருப்பு கொஞ்சந்தான் இருக்கு தம்பி, பாத்து ஊத்திக்கங்க" என்று வந்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கொழுந்துக் காலம், அரை நாள் வேலை இருந்தது. அக்காளும் என்னோடுதான் நனைந்து வந்தாள். வந்ததும் சட்டி உருளுகிற சத்தம். பிறகு அவள் குரல், தன் புருஷனிடம்.

"நானும் இப்பத்தான கூடைய எறக்கினேன். இதுல தம்பிக்கும் சேத்து ஆக்கணுமா? நீங்க ரெண்டு பேரும் வெடிஞ்சதுல இருந்து சும்மாதான குந்தியிருக்கீங்க? ஒரு வெங்காயம் உரிச்சா கை தேஞ்சா போகும்?"

நான் வெற்றிலையை விழுங்கிவிடப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாக என்னை ஏசிய வாய் அது.

ஆனால் என் வீட்டுக்குள்ளேயே ஒன்று இடிந்துகொண்டிருந்தது. மூத்தவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. லயத்தில் எல்லாரும் அவளைப் பார்த்த பார்வை அவளைத் தின்றுவிட்டது. இவளால்தானே அப்பாவும் அம்மாவும் பேசுவதில்லை, இவளால்தானே அடுப்பு அவிந்தது என்று. அன்று பின்னேரம் அவள் கொல்லையில் இருந்து மண்ணும் சாணமும் குழைத்துக்கொண்டு வந்தாள். வெடித்த அடுப்புக்கு முன்னால் குந்திப் பூச ஆரம்பித்தாள்.

"என்னாடி செய்யிற?"

"நான் பேர் பதியிறேன் அம்மா. அப்பா சொல்றதுதான் சரி. எனக்குப் படிப்பு வேணாம்."

"வேணாமா?"

"வேணாம்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. ஆம்பளையோடு மல்லுக்கு நிற்கலாம், மாமியாரோடு நிற்கலாம், லயத்தோடு நிற்கலாம். விட்டுக்கொடுக்கிற பிள்ளையோடு எப்படி நிற்பது? அடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பவா? நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் பூசி முடித்துத் தீப்பெட்டியை எடுத்தாள். அப்போது பெரியவன் உள்ளே வந்தான். தலையில் மிலாறுக் கட்டு. கட்டைப் போட்டுவிட்டு அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினான்.

"எந்திரி."

"போடா. அப்பா அடிப்பாரு."

"எந்திரிங்கிறேன். இது என் வாரம்."

"என்னா வாரம்? அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"வியாழக்கெழம என் கோப்பதான அடுப்பு ஆணியில இருந்திச்சு? அம்மா மாத்துனாங்களா? மாத்தல. அப்ப இது என் வாரந்தான். நீ போயி ஒன் பொஸ்தகத்த எடு."

அவனுக்கு நியாயம், அநியாயம் எல்லாம் அவ்வளவுதான். அக்காவைப் படிக்கவைக்க வேண்டும் என்றோ, அப்பாவை எதிர்க்க வேண்டும் என்றோ அவன் நினைத்தானா என்று எனக்குத் தெரியாது. தன் முறையை இன்னொருத்தர் எடுப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். பச்சை மண் அடுப்பு, ஈர மிலாறு. புகை எழும்பிக் கூரையை நிரப்பி, சுவருக்கு மேலே புரண்டு அண்ணன் வீட்டுக்குள் இறங்கியது.

"ஏய், என்னாடா அங்க? வீடு பத்திக்கிச்சா?" அக்காள் கத்தினாள்.

"இல்ல பெரியம்மா. ரொட்டி."

வெளியே ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். ஒருவன் சீட்டி அடித்தான். ஒருவன், "டேய், எனக்கும் ரெண்டு சுடுடா பொண்ணே" என்றான். பெரியவன் கண்ணில் தண்ணீர் வடிய ஊதிக்கொண்டே இருந்தான். புகையால்தான் என்று பிறகு சொன்னான். அப்படியே இருக்கட்டும். இரண்டாவதவன் யாரும் சொல்லாமல் போய் அம்மி முன்னால் குந்திக்கொண்டான்.

அவர் வந்து வாசலில் நின்றார். அண்ணன் வீட்டில் அன்றைக்கு இலை விழவில்லை. அவர் உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பெரியவன் தட்டில் ஒரு ரொட்டியைப் போட்டான். இரண்டாவதவன் சம்பலை வைத்தான். அவர் பிய்த்து வாயில் வைத்தார்.

"கருகிப் போச்சு" என்றார்.

"அப்ப நாளைக்கு நீங்க சுடுங்க" என்றான் பெரியவன், தலையைத் தூக்காமல்.

கை ஓங்குவார் என்று நான் எழும்பிவிட்டேன். அதற்குள் மாமியார் சிரித்தாள். பொக்கை வாய்ச் சிரிப்பு, அடக்கமுடியாமல், பிள்ளையைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். "அப்பிடியே அவுங்க தாத்தாடா ஒன் மவன். வாய் வாய்" என்றாள். அவர் தட்டைப் பார்த்தார். இன்னொரு ரொட்டியை அவரே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பெரட்டில் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கங்காணி கேட்டார், "எங்கப்பா பிள்ள?"

"பள்ளிக்கூட வாத்தியார் விடமாட்டேங்கிறாரு. டவுனுக்கு அனுப்பியே ஆகணுமாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

வாத்தியார் அந்த வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. பொண்டாட்டி சொன்னாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, வாத்தியார் தலையில் போட்டுவிட்டார். போடட்டும். வாத்தியார் தலை தாங்கும். எனக்கு வேண்டியது பெயர் இல்லை, பிள்ளை. அந்த வாரமே அவளைத் தலவாக்கலையில் சேர்த்தேன். குறுக்குப் பாதையில் அட்டைக்கடியோடு இறங்கிப் போவாள், சில நாள் பஸ் கிடைக்கும், பல நாள் நடை. கால் எல்லாம் இரத்தப் புள்ளியோடு வந்து நிற்பாள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அடுப்பு முன்னால் சொன்னதுதான் முதலும் கடைசியும்.

என் வீட்டுக்காரர் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் நான் வரும்போது உலை கொதிக்க ஆரம்பித்திருக்கும். யார் வைத்தது என்று கேட்டால், "சும்மா குளுருக்கு அடுப்புப் பக்கம் குந்தினேன்" என்பார்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். மூத்தவள் டவுன் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்தாள். நல்ல மார்க். ஆனால் பாட்டன்மார் கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்கள் என்பதால் நாங்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சட்டம் இருந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அரசாங்க வேலை இல்லை, ஆபீஸ் வேலை இல்லை. இரண்டு வருஷம் அலைந்தாள். கடைசியில் அதே தோட்டத்தில், அதே பெரட்டுக் களத்தில், அதே கங்காணியிடம் பேர் பதிந்து, கூடையை மாட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்து நிரையில் வந்து நின்றாள். அன்றைக்கு மலையில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல.

அக்காள்தான் வாயைத் திறந்தாள். "என்னா தங்கச்சி, அடுப்ப அவிச்சு, ஊரக் கூட்டிப் படிக்க வச்ச. கடைசியில படிச்சவ கூடையும் எங்க கூடையும் ஒரே கூடதான?"

"கூட ஒண்ணுதான் அக்கா. ஆனா நீங்க சொன்ன வயசுல அவ போடல. அன்னைக்கும் இன்னைக்கும் நடுவுல இருக்கே, அந்த வருசமெல்லாம் அவளோடது. அத கங்காணியும் வாங்க முடியாது, சட்டமும் வாங்க முடியாது. நீங்க கொழுந்தப் பாருங்க."

இன்றைக்கும் கேட்கிறார்கள். படித்து என்ன கண்டாள் என்று. வயிற்றுக்கு என்ன கண்டாள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அவள் படிப்பு வேண்டும் என்று நினைத்தாள், அதை யாரும் பறிக்க விடமாட்டேன் என்று நான் நின்றேன். மறுபடியும் அந்த வியாழக்கிழமை வந்தால் மறுபடியும் குடத்தைத் தூக்குவேன். இப்போது கை நடுங்கும், பாதி தண்ணீர் தரையில் சிந்தும். ஊற்றுவேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அப்பாயி, அப்பா ரொட்டி சுட்டத அப்பிடியே போடவா? அப்பா வெக்கப்படுவாரு. இப்ப கோயில் கமிட்டியிலெல்லாம் இருக்காரு" என்கிறாள்.

வெட்கமா? அவன் என் பிள்ளைகளில் நல்ல காரியம் செய்தவன். ஒரு எழுத்தையும் எடுக்காதே. அவன் இஸ்தோப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான், கதவைத் திறந்து வை. இப்போது முதலில் இருந்து வாசி பார்ப்போம். மெதுவாக வாசி, ஆனால் சத்தமாக வாசி.